ஒரே உலைச் சோறு: அரசரடி இறையியல் கல்லூரியும் நம் பள்ளத்தாக்கும்

மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கூலிக்காரர் உவமையை நம் பள்ளத்தாக்கிலுள்ள சுருளிப்பட்டியில் வாசிப்பதற்கும் வேறு ஊரில் வாசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார். கதை அவ்வளவுதான். ஆனால் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் கவாத்து செய்கிறவர்களும், மருந்தடிக்கிறவர்களும், குலை வெட்டிப் பெட்டி நிரப்புகிறவர்களும் நம் ஆராதனையில் உட்கார்ந்து இதைக் கேட்கிறார்கள். இருட்டோடு எழுந்து சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களும் கேட்கிறார்கள். ஏன் வேலையில்லாமல் நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு, யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்று அந்தக் கூலியாட்கள் சொல்லும் பதில் இவர்கள் தங்கள் வாயால் சொல்லியிருக்கும் பதில்தான்.

இவர்கள் முன்னால் நின்று இந்த உவமையைப் பிரசங்கிக்கப் போகும் ஆயர் எங்கே, எப்படிப் பயிற்சி பெற வேண்டும்? மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் வரலாறே இந்தக் கேள்விக்குத் தேடிய விடைதான். நம் விழா மலரில் அந்த வரலாறு இடம்பெறுவது பொருத்தம்.

அந்தத் தேடலுக்கு முன்கதை உண்டு. அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834இல். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய அவர்களுடைய செமினரி 1845இல் பசுமலைக்கு இடம் மாறியது. வத்தலக்குண்டு, பெரியகுளம் என்று அவர்களுடைய ஊழியம் நம் திசைக்கும் வந்தது. 1847இல் அந்த மிஷன் ஒரு கடுமையான சோதனை வைத்தது: சாதி பார்ப்பதில்லை என்று சொல்லும் உபதேசியார்கள், ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்த உணவை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். மறுத்தவர்கள் பலர். சபையின் ஐக்கியத்திலிருந்து நீக்கப்பட்டவர்கள் பலர். திருமுழுக்கு பெற்ற பிறகும், வேதத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிறகும், ஒரு கவளம் சோறு அவர்களைத் தடுத்து நிறுத்தியது. மிஷனரிகளின் நோக்கம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது மேலிருந்து வந்த கட்டளை. சமைத்தவருடைய மனதில் என்ன இருந்தது என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் கதையும் இதிலிருந்து தூரமில்லை. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். சாதி ஒழுக்கத்தை அனுசரித்தபடியே உயர்சாதியாரிடம் ஊழியம் செய்தார். பின்னால் ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற குருமார் தனியாக வந்தார்கள். சமயம் ஒன்று, சாமியார்கள் இரண்டு வகை. வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரைக் கவுசானல் அடிகளார் இடித்தது 1910இல். அதற்காக அவர் நீதிமன்ற வழக்கையும் சந்திக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1969 முக்கியமான ஆண்டு. நாசரேத் அருகே திருமறையூரில் நடந்த இறையியல் கல்லூரியும் லுத்தரன் சபையாரின் இறையியல் பயிற்சியும் ஒன்றுசேர்ந்து, அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி பிறந்தது. தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். பாடம் தமிழில். சாமுவேல் அமிர்தம், ஞானா ராபின்சன் போன்ற முதல்வர்கள், வேதபாடத்தையும் சமூகத்தையும் தனித்தனி அலமாரிகளில் பூட்டிவைக்க மறுத்தார்கள். ஜெர்மனியில் பிறந்து இந்தியக் குடியுரிமை பெற்ற கேப்ரியேல டீட்ரிச் அங்கே சமூகப் பகுப்பாய்வு கற்பித்தார். பெண்ணுரிமை இயக்கத்தில் குடிசைப்பகுதிப் பெண்களோடு நின்று போராடினார். நெதர்லாந்துக்காரரான பாஸ் வீலங்கா, விடுதலையின் கண்கொண்டு வேதத்தை வாசிக்கக் கற்றுத்தந்தார்.

ஆனால் அரசரடி தந்தவற்றில் பெரியது எது என்று கேட்டால், புத்தகங்களை நான் சொல்ல மாட்டேன். வளாகத்துக்கு வெளியே வாழ வேண்டிய அந்த ஓராண்டைச் சொல்வேன். ஆயர் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் விடுதியை விட்டு வெளியேறி, மதுரையின் குடிசைப் பகுதிகளில் வாடகைக்கு இடம் பிடித்து, அங்கிருந்தபடியே படிக்க வேண்டும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற, வாடகை பாக்கிக்குப் பதில் சொல்லத் திணறுகிற, மழை பெய்தால் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு விழித்திருக்கிற சனங்கள்தான் அந்த ஆண்டு அவர்களுக்கு அக்கம்பக்கத்தார். அப்படி ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர் 'ஏழைகள்' என்று பிரசங்கத்தில் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கம் நல்லது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிந்தவருக்குத்தான் அது வரும்.

அடுத்து, பரட்டை. அந்தப் பெயரிலேயே பாட்டெழுதிய ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அரசரடியில் ஆசிரியராக இருந்தார். தலித் குடும்பத்தில் பிறந்தவர். கர்நாடக இசையின் கீர்த்தனைகள் மேடைக்கு உரியவை, கிராமத்துப் பாட்டு வயக்காட்டுக்கு உரியது என்று சபைகள் பிரித்து வைத்திருந்ததை அவர் ஏற்கவில்லை. நாட்டுப்புற மெட்டில், நாம் வீட்டில் பேசும் தமிழில், பறையின் தாளத்தில் வழிபாட்டை அமைத்தார். சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்ட பறை ஆலயத்துக்குள் வந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். பறையை வெறுத்தவர்கள் பறை அடித்தவரையும் சேர்த்துத்தான் வெறுத்தார்கள் என்பதை அப்பாவு அறிந்திருந்தார், அதனால்தான் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பாட்டில் கடவுள் பெத்தவர்: அப்பனும் அவரே, ஆத்தாளும் அவரே. அன்றாட அப்பத்துக்கான விண்ணப்பம் அவரிடம் ஒரே உலையில் பொங்கிய சோறாக மாறியது.

ஒரே உலை என்பது அவருடைய இறையியலின் நடுத்தூண். கூட்டுக்குடும்பம் தனிக்குடித்தனமாகும்போது முதலில் பிரிவது உலைதான் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கடவுளின் பிள்ளைகள் ஒரு குடும்பம் என்றால் உலை ஒன்றாக இருக்க வேண்டும். அரிசி எல்லோர் வீட்டிலிருந்தும் வர வேண்டும். பங்கு எல்லோருக்கும் போக வேண்டும். 1847இல் சோறு ஒரு பரீட்சையாக இருந்தது. அப்பாவுவின் கையில் அது விருந்தானது. பரீட்சையில், சமைத்தவர் வெறும் கருவி. விருந்தில் அவரே அழைக்கிறவர். நூற்றைம்பது ஆண்டுகளில் தமிழ்க் கிறிஸ்தவம் கடந்த தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

1989இல் கல்லூரியில் தலித் ஆதார மையம் உருவானது. 1990களில் அது நடத்திய தலித் கலை விழாக்களில் பறையாட்டமும் பாட்டும் வெட்கமின்றி, மரியாதையோடு மேடையேறின. அதே காலத்தில் கத்தோலிக்கர்களிடமும் மண் கிளறப்பட்டது. இயேசு சபையாரின் சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம் மதுரையிலேயே இயங்கியது. சபைக்குள் தலித் கிறிஸ்தவர்கள் படும் பாகுபாட்டை அந்தோணிராஜ் அடிகளார் ஆய்வு செய்து வெளியிட்டதும், துறவற மடத்தை விட்டு வெளியேறிய பாமாவின் ‘கருக்கு’ நூல் வெளிவந்ததும் 1992இல்தான். இரண்டையும் வெளிக்கொண்டுவந்தது அந்த மையமே. அதற்கு முந்திய ஆண்டு, போப்பாண்டவரின் தூதர் ஜார்ஜ் சூர், இந்திய ஆயர்கள் முன்னிலையிலேயே, திருச்சபையில் பெரும்பான்மையாக இருக்கும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முடிவெடுக்கும் இடத்தில் பங்கில்லை என்று சொன்னார். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள நம் பள்ளத்தாக்குக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல.

இவ்வளவு நடந்தும் முடியாத வேலை இருக்கிறது, அதை விழா மலரில் மறைப்பது நியாயமில்லை. தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் பங்குகள் இன்னும் உண்டு. உயிரோடிருக்கும்போது ஒரே அப்பத்தில் பங்கு கொண்டவர்களை மண்ணுக்குள் பிரிப்பதற்கு எந்த வேத வசனத்தைக் காட்டுவது? சபைச் சங்கத் தேர்தல்களில் சாதிக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதையும் நாம் எல்லோரும் அறிவோம்.

அரசின் பங்கும் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தையும் இந்தத் தகுதியையும் பிரிக்கச் சொன்னது, நடக்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். அதனால் நம் பந்தலில் குலை வெட்டும் கிறிஸ்தவத் தலித் பெண், பட்டியல் சாதியாருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட முடியாது. அவளைச் சாதி சொல்லித் திட்டினாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி புகார் கொடுக்க வழியில்லை. அதே தோட்டத்தில் அதே கூலிக்கு வேலை செய்யும் அவளுடைய இந்து உறவுக்காரிக்கு அந்த இரண்டு உரிமைகளும் உண்டு.