இருமல் தாத்தாவும் ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தாவும்

இன்னைக்கு கே. பாலசந்தர் பத்திப் பேசலாம். ரஜினி கேட்டைத் திறந்துட்டு வந்த கதையெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம், அதை விட்டுடுவோம். எனக்கு உறுத்துற விஷயம் வேற. "பெரிய டைரக்டர், கடைசில சீரியல் எடுக்கப் போயிட்டார்" என்று அனுதாபமா ஒரு குரலில் சொல்வாங்க, ஏதோ ரிட்டயர்மென்ட் வேலை மாதிரி. அவர் செய்ததை எல்லாம் வரிசையா வச்சுப் பார்த்தா எனக்கு அப்படித் தெரியல. கிளம்பின வீட்டுக்கே திரும்பிப் போன மாதிரிதான் இருக்கு.

அந்த வீடு எதுன்னு புரியணும்னா முதல்ல நம்ம புதுச்சேரிக்கு வரணும். கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கு இல்லையா? 1922 நவம்பர் 13 அன்று அவர் காலமானது இந்த ஊர்லதான். அவர் காலத்து நாடகம் கம்பெனி நாடகம். சின்னப் பையன்களைச் சேர்த்து, ஒரே இடத்தில் தங்க வச்சு, பாட்டும் வசனமும் நெட்டுரு போட வச்சு, ஊர் ஊரா முகாம் போடுவாங்க. அப்படி அவர்கிட்ட வளர்ந்தவர்தான் டி.கே. சண்முகம். பல வருஷம் கழிச்சு அந்தச் சண்முகத்தின் குழுவில் நடிச்ச ஒரு பையன், கமல்ஹாசன். 'அவ்வை சண்முகி'ங்கிற தலைப்பு எங்கிருந்து வந்ததுன்னு இப்போ தெரியுதா?

பாலசந்தர் இந்த மரபில் வந்தவர் இல்லை. அவர் சபா நாடகக்காரர். 1930இல் நன்னிலம் பக்கத்தில் நல்லமாங்குடியில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல், முத்துப்பேட்டையில் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை, 1950இல் சென்னை ஏ.ஜி. ஆபீஸில் குமாஸ்தா. பகல்ல ஃபைல், சாயங்காலம் ஒத்திகை. கூட நடிக்கிறவங்களும் அதே மாதிரி மாதச் சம்பளக்காரங்கதான். நாகேஷ் ரயில்வேயில் இருந்து வந்தவர். 'மேஜர் சந்திரகாந்த்' முதல்ல ஆபீஸ்காரங்களுக்காக ஆங்கிலத்தில் எழுதின நாடகம். அது தமிழுக்கு வந்தப்போ மேஜரா நடிச்ச சுந்தரராஜனுக்கு அந்தப் பட்டம் ஆயுசுக்கும் ஒட்டிக்கிச்சு.

சபா மேடையில் மலை, கடல், குதிரை எதுவும் கிடையாது. ஒரு செட், ரெண்டு கதவு, நாலஞ்சு பேர். காட்ட முடியாததை எல்லாம் பேச்சிலயும் சத்தத்திலயும்தான் கொண்டு வரணும். கையில் இருக்கிற வசதிக்குள்ளயே டிசைன் பண்ணணும்னு எங்க தொழில்ல தினமும் சொல்வோம்; அவர் அதை அப்பவே பண்ணிட்டிருந்தார்.

'எதிர் நீச்சல்' (1968) எடுத்துக்கங்க. அதுவும் நாடகமா இருந்து படமானதுதான். பல குடித்தனம் இருக்கிற ஒரு வீடு, மாடிப்படிக்குக் கீழே வாழ்கிற மாது. அந்த வீட்டில் இருமல் தாத்தான்னு ஒருத்தர் இருக்கார். அவர் முகத்தை நாம பார்க்கிறதே இல்லை. இருமல் மட்டும் கேட்கும், அவ்வளவுதான். ஒரு நடிகருக்குச் சம்பளம் கொடுக்காம ஒரு முழு மனுஷனை உருவாக்கிட்டார்! ஆடியோல வேலை செய்யற எனக்கு இது பொறாமையா இருக்கு.

முதல் படமான 'நீர்க்குமிழி' (1965) கிட்டத்தட்ட முழுசா ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள நடக்குது. 'இரு கோடுகள்' (1969), முதல் மனைவி கலெக்டரா வந்து நிற்கிற அதே ஆபீஸில் புருஷன் குமாஸ்தா. கதை ஜோசப் ஆனந்தனோட நாடகம். ஆனா அந்த ஆபீஸ் சங்கடத்தை அவ்வளவு துல்லியமா எடுக்க, வருஷக்கணக்கா ஃபைல் தூக்கின ஒருத்தரால்தான் முடியும்னு நான் நினைக்கிறேன்.

'அரங்கேற்றம்' (1973) படத்தில் கமலுக்கு இளைஞன் வேஷம். கம்பெனி மரபும் சபா மரபும் சந்திச்ச இடம் அது. அப்புறம் 'தண்ணீர் தண்ணீர்' (1981). கோமல் சுவாமிநாதன் நாடகத்தை எடுத்து, அத்திப்பட்டியோட வெயிலையும் காய்ஞ்ச மண்ணையும் திரை முழுக்க நிரப்பினார். மேடையை விட்டு வெளியே போகத் தெரியாதவர்னு யாரும் சொல்ல முடியாது.

90களில் தூர்தர்ஷனுக்கு 'ரயில் சினேகம்', 'கையளவு மனசு'. மறுபடியும் ஹால், கதவு, நாலு பேர், வசனம். அவரோட 'மின் பிம்பங்கள்' நிறுவனம்தான் நாகா இயக்கின 'மர்மதேசம்' தொடரையும் தயாரிச்சது. ராத்திரி கரண்ட் போனா இன்னும் சிலருக்கு அந்த பயம் வரும்.

எனக்கு முக்கியமானது 'சஹானா'. 'சிந்து பைரவி' (1985) முடிவில் சிந்து குழந்தையைப் பைரவிகிட்ட கொடுத்துட்டுப் போயிடுவா. நாம கண்ணைத் துடைச்சுக்கிட்டு தியேட்டரை விட்டு வந்துடுவோம். ஆனா அந்தக் குழந்தை வளர்ந்தாகணுமே? அந்தக் கேள்வியை ஏறக்குறைய பதினெட்டு வருஷம் கழிச்சு அவர் ஜெயா டிவியில் ஒரு சீரியலா எடுத்தார். மூணு மணி நேரப் படத்தில் அதுக்கு இடமே இல்லை.

சினிமா வாய்ப்பு குறைஞ்சதும் ஒரு காரணம்தான், மறுக்கல. 'பார்த்தாலே பரவசம்', 'பொய்' ரெண்டும் ஓடல. சீரியல்களிலும் இழுவை உண்டு. ஆனா 2010ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது வாங்கின மனுஷன், கடைசி வருஷங்களில் மேடைக்கே திரும்பி நாடகம் போட்டார். 2014 டிசம்பர் 23 அன்று காலமானார்.

இந்த வாரம் 'எதிர் நீச்சல்' பாருங்க, ஹெட்போன் போட்டுக்கிட்டு. தாத்தா எங்கெங்க இருமுறார்னு குறிச்சு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.