கொலைப்பழியும் தேயிலைத் தோட்டமும்

எம்ஜிஆரின் முதல் படத்தை எடுத்தவர் ஓர் அமெரிக்கர் என்று சொன்னபோது என் பாட்டி நம்பவில்லை. "வெள்ளக்காரனா? அவனுக்குத் தமிழ் தெரியுமா?" என்றார். கம்போங் ராஜாவில் கொழுந்து பறித்தே வயதானவர். அவருக்குத் தெரிந்த வெள்ளைக்காரன் தோட்டத்துத் துரை மட்டும்தான்.

பாட்டி கேட்டது சரியான கேள்வி. எல்லிஸ் ஆர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது. 1909-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். கூடப் படித்த மாணிக் லால் டாண்டன் கூப்பிட்டார் என்று 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு 15 வருடம் ஓடிவிட்டது.

அவர் இயக்கிய முதல் தமிழ்ப் படம் 'சதி லீலாவதி' (1936). எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதை. அதை ஒரு குற்றக்கதை என்றே சொல்லலாம். பணக்கார கிருஷ்ணமூர்த்தி குடிபோதையில் நண்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக நினைத்து இலங்கைக்கு ஓடுகிறான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். எம்.கே.ராதா நாயகன், டி.எஸ்.பாலையா வில்லன், எம்ஜிஆருக்குச் சின்னதாக ஒரு போலீஸ் வேடம். கடைசியில் தோட்டத்தில் நாயகனுக்குப் புதையல் கிடைக்கிறது. பணக்காரனாக ஊர் திரும்புகிறான்.

"புதையலா? எந்த மலையிலடா?" என்று பாட்டி சிரித்துவிட்டார்.

அந்தக் காலத்தில்தான் நம்ம கேமரன் மலையிலும் தேயிலை வேர்பிடித்துக்கொண்டிருந்தது. ஜே.ஏ.ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். கப்பலேறி இங்கே வந்த எத்தனையோ பேர் கடைசிவரை ஊர் திரும்பவில்லை. ஆனால் மெட்ராஸில் உட்கார்ந்து கதை யோசிப்பவருக்குத் தோட்டம் என்பது தூரத்தில் ஒரு மறைவிடம். போலீஸ் தேடாத இடம், அவ்வளவுதான்.

டங்கனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனக்கு எது தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெவ்வேறு தயாரிப்பாளர்களுக்குப் படம் எடுத்தார். கேமராவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மொழியைத் தெரிந்தவர்களிடம் விட்டார். 'அம்பிகாபதி'யில் (1937) இளங்கோவனின் வசனம், 'மந்திரி குமாரி'யில் (1950) கருணாநிதியின் வசனம். எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வும் (1945) இவர் படம்தான்.

'மந்திரி குமாரி'யை டங்கன் பாதியில் விட்டுப் போக, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் முடித்தார். கொள்ளைக்காரக் கணவன் மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்க்கிறான். உன்னை மூன்று முறை வலம் வந்துவிட்டுச் சாகிறேன் என்று கேட்கிறாள். சுற்றி வந்து, அவனையே தள்ளிவிடுகிறாள். குண்டலகேசியிலிருந்து வந்த காட்சி. போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் பதறுகிறது.

டங்கன் 1950-இல் அமெரிக்கா திரும்பி, ஆவணப் படங்கள் எடுத்து, 2001-இல் இறந்தார்.

'சதி லீலாவதி' வந்து 79 வருடம் கழித்து, 2015-இல், நம்ம ஆள் ஒருவர் குற்றக்கதை எடுத்தார். சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் புரண்டு ஆன பெயர். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத அந்தப் படம், 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. டங்கன் படத்தில் குற்றத்துக்குப் பயந்தவன் தோட்டத்துக்கு ஓடுகிறான். 'ஜகாட்'டில் தோட்டத்தை இழந்தவர்களின் பிள்ளைகள் குற்றத்திடம் போய்ச் சேருகிறார்கள். அப்போய் என்ற 12 வயதுப் பையனுக்கும் அதே பாதைதான் காத்திருக்கிறது. இந்தத் தலைகீழ்க் கதை தோட்டத்தை உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த சிலர் குறும்படக் கதையை எழுதி மடிக்கணினியிலேயே வைத்திருக்கிறார்கள். "எங்க தமிழ் தோட்டத்துத் தமிழ்லா, சிரிப்பாங்க" என்கிறார்கள். தமிழே தெரியாத ஒருவர் 15 வருடம் தமிழ்ப் படம் எடுத்தார். நமக்கு அந்தத் தமிழும் தெரியும், அந்தத் தோட்டமும் தெரியும்.