பழைய துணிச் சந்தை: பாத்திர வியாபாரி முதல் கைபேசிச் செயலி வரை

பயன்படுத்திய ஆடைகளை வாங்கவும் விற்கவும் இன்று பல கைபேசிச் செயலிகள் உள்ளன. ஆனால் தமிழ்நாட்டில் பழைய துணிக்கான சந்தை அதற்கு வெகுகாலம் முன்பே தெருவில் நடந்துவந்தது. கூடையுடனும் மிதிவண்டியுடனும் வந்த பாத்திர வியாபாரிகள் பழைய புடவை, வேட்டி, சட்டைகளை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கிண்ணமோ பிளாஸ்டிக் வாளியோ கொடுத்தனர். வியாபாரி துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நைந்த இடத்தை விரலால் தேடுவார். பிறகுதான் கிண்ணத்தின் அளவைச் சொல்வார். பட்டுப் புடவைக்குக் கணக்கு வேறு. சரிகையிலுள்ள வெள்ளியை உருக்கி எடுக்கவே அதை வாங்கினர். விற்காத பருத்திப் புடவை வீட்டிலேயே தொட்டிலாகி, பிறகு கரித்துணியாகி முடிந்தது.

கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே இப்படித் துணியை அறிந்தவர் ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமி காட்டியது. நிவாரணமாகத் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்த பழைய துணிகளில் பெருமளவு யாருக்கும் பயன்படாமல் சாலையோரங்களில் குவிந்தன. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அவற்றைச் சேகரித்துத் தரம்பிரித்தது.

இணையச் சந்தைகள் இந்த இடைவெளியை வேறு வழியில் நிரப்ப முயன்றன. 2006இல் ஓஎல்எக்ஸ், 2008இல் குயிக்கர் ஆகியவை வந்தன. ஆடைகளுக்கென்றே லிதுவேனியாவில் விண்டெட் (2008), அமெரிக்காவில் த்ரெட்அப் (2009), போஷ்மார்க் (2011) ஆகியவை தோன்றின. போஷ்மார்க் 2021இல் இந்தியாவுக்கு வந்து 2023இல் வெளியேறியது. மலிவான ஆடைக்கு இந்த முறை எளிதில் பொருந்துவதில்லை. ஒரு பழைய சட்டையின் விலையில் பெரும்பகுதியைக் கூரியர் கட்டணமே விழுங்கிவிடும். 2016இல் ஜியோ வந்து இணையக் கட்டணம் குறைந்தபின் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் இந்த வணிகத்துக்குள் புகுந்தன. கல்யாணப் பட்டு, வேலைப்பாடு செய்த ரவிக்கை போன்ற விலையுயர்ந்தவையே அங்கு வாடகைக்கும் விற்பனைக்கும் அதிகம் பொருந்துகின்றன. அன்றாட உடை பெரும்பாலும் பழைய வழியிலேயே கைமாறுகிறது.

2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட திருத்தங்கலில் இந்த வரலாற்றுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இவ்வட்டாரத்தின் தொழில்கள் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு. அச்சகத்தில் மை துடைக்கும் பனியன் வேஸ்ட் எந்த நிறமானாலும் கவலையில்லை. மையை உறிஞ்சினால் போதும். பட்டாசு ஆலையில் அப்படியில்லை. பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை உடலிலும் பிற துணியிலும் உரசும்போது நிலைமின்சாரம் சேரும். அதிலிருந்து எழும் சிறு பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கப் போதுமானது. அதனால்தான் தொழிலாளர்கள் பருத்தி உடையே அணிய வேண்டும் என்று பாதுகாப்பு நெறிகள் வற்புறுத்துகின்றன. கைமாறி வந்த ஒரு புடவை பருத்தியா, கலப்பு நூலா என்பது இங்கே ரசனை சார்ந்த கேள்வி அல்ல.

செயலி காட்டும் படத்தில் நிறம் தெரியும், கரை தெரியும், இழை தெரியாது. விற்பவர் ‘காட்டன்’ என்று எழுதினால் அதை நம்பத்தான் வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, ஆலையிலிருந்து தள்ளி, பாதுகாப்பான இடத்தில் கொளுத்திப் பார்ப்பது பழைய சோதனை. பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கலப்பு நூலில் இரண்டு அடையாளங்களும் கலந்து வரும். ஐயமிருந்தால் அந்த உடையை ஆலைக்கு உடுத்தாமல் விடுவதே சரி.

தொழில்நுட்பம் இப்போதுதான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை, பொருள்களுக்கு ‘டிஜிட்டல் கடவுச்சீட்டு’ முறையை ஏற்படுத்துகிறது. ஆடைகள் அதன் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளன. இம்முறையில் துணியின் விவரங்களை, ஒட்டிய குறியீட்டைக் கைபேசியால் படித்து அறிய முடியும். ஐரோப்பாவுக்கு ஆடை அனுப்பும் திருப்பூருக்கு இது ஏற்றுமதி விவகாரம். திருத்தங்கலில் கைமாறும் புடவைக்கோ அந்த விதி பொருந்தாது. பலமுறை துவைத்ததில் அதன் பழைய சீட்டும் எப்போதோ உதிர்ந்துபோயிருக்கும்.