பழுது பார்த்தவர் வரலாறு



திருவானைக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள் இளமையிலேயே கேட்டு மகிழும் கதை ஒன்று உண்டு. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி வலை பின்னியது. வழிபட வந்த யானையோ அதனைத் தூசு என்று கருதி நாள்தோறும் சிதைத்தது. சிலந்தியும் சலிக்காமல் நாள்தோறும் பின்னியது. அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து இக்கோயிலை எழுப்பிற்று என்பர் பெரியோர். அடியார்கள் இக்கதையில் பக்தியைக் காண்பார்கள். ஆசிரியனாகிய நான், சிதைந்ததை மீண்டும் பின்னிய அந்த முயற்சியையும் சேர்த்துக் காண்கிறேன். இன்று நான் சொல்ல வந்ததும் அத்தகைய முயற்சியைப் பற்றியதே. பழைய மோட்டார் வண்டிகளைக் குறைந்த செலவில், தம் கையாலேயே சீர்செய்து ஓட்டியவர்களின் வரலாறு அது.

மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேர்வில் கேட்கிறோம். 1886-ல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஜெர்மானியர் கார்ல் பென்ஸ் என்று விடை எழுதுகிறீர்கள். வழியில் நின்றுபோன காரைச் சரிசெய்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவ்வினாவுக்கும் விடை உண்டு. 1888-ல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். தடைக்கட்டை தேய்ந்தது, செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அதன்மேல் தோல் அடிக்கச் செய்தார். மோட்டார் வரலாறும் பழுதுபார்க்கும் வரலாறும் ஏறக்குறைய ஒன்றாகவே தொடங்கின என்பது இதனால் விளங்கும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கோவைக்கு அருகில் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேல் தீராத ஆவல் கொண்டார். கோவைக்குச் சென்று உணவு விடுதியில் வேலை செய்து, சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்தார், ஒவ்வொன்றின் பயனையும் ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குக் கல்லூரி ஆயிற்று. 1920-ல் ஒரே ஒரு பேருந்தை வைத்துக்கொண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். பின்னாளில் பெரிய போக்குவரத்து நிறுவனத்திற்கும் பல தொழிற்சாலைகளுக்கும் தலைவரானார். அவ்வளவுக்கும் தொடக்கம், பிரித்துப் பூட்டிய ஒரு பழைய வண்டியே.

தனி ஒருவருக்கு ஆவல் ஆசிரியராயிற்று. நாடு முழுவதற்கும் பஞ்சம் ஆசிரியராக வந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. வண்டிகள் நின்றுவிடும் நிலை வந்தது. அப்போது தோன்றியவையே பெரியவர்கள் ‘கரி பஸ்’ என்று சொல்லும் வண்டிகள். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இதற்கான கரிவாயுக் கலங்களைச் செய்தது. இதன் முறை எளியது. உயரமான இரும்புக் கலத்தில் அடுப்புக்கரியை இட்டு, போதிய காற்றுக் கொடுக்காமல் எரிப்பார்கள். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு பிறக்கும். அதனை வடிகட்டி, குளிரச் செய்து, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். ஆனால் வலு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். மேட்டில் வண்டி திணறும். அந்த வாயு நஞ்சு. கவனம் தவறினால் உயிரையே வாங்கிவிடும். இத்தனை குறைகள் இருந்தும் பழைய பேருந்துகள் ஊருக்கு ஊர் ஓடின. மக்களும் வேலைக்குச் சென்று திரும்பினர்.

விடுதலைக்குப் பின் வேறொரு தட்டுப்பாடு வந்தது. உதிரிப் பாகங்களை இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே நிலைக்கலாம் என்பது 1953-ல் அரசு மேற்கொண்ட கொள்கை. 1928 முதல் பம்பாயில் கார்களைப் பொருத்தி வந்த ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டு நிறுவனமும் வெளியேறின. சாலையில் ஓடிக்கொண்டிருந்த செவர்லேக்களும் ஃபோர்டுகளும் தாயற்ற பிள்ளைகள் ஆயின. உள்நாட்டில் செய்யப்பட்டவை அம்பாசிடர், ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பணம் கட்டினாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இருக்கும் வண்டியை இறக்கவிடாமல் காப்பது ஒரு கலையாகவே வளர்ந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் கழித்த வண்டிகளின் பாகங்களுக்கென்றே கடைத்தெரு அமைந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிய அம்பாசிடர்கள் பல வாடகைக்கு ஓடின.

அக்கலையை நான் கண்ணாரக் கண்டது எங்கள் தெருவில்தான். 1974-ஆம் ஆண்டு, எனக்கு வயது பதின்மூன்று. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கோழிகள் அடையும் கூடாகக் கிடந்த மோரிஸ் மைனர் ஒன்றை ஏறக்குறைய பழைய இரும்பின் விலைக்கே வாங்கி வந்தார். தெருவே நகைத்தது. அவர் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் ஒரு நோட்டில் அதன் படத்தை வரைந்தார். திருகாணிகளைப் பால்மாவு டப்பாக்களில் இட்டு, மேலே எண் எழுதினார். “தம்பி, கழற்றும்போதே பூட்டும் வழியை யோசிக்க வேண்டும்” என்பார்.

செலவையும் அவர் வரிசைப்படுத்தியே செய்தார். முதல் மாத ஓய்வூதியத்தில் மிஞ்சியது பிரேக்குக்குச் சென்றது. ஓடுவதற்குமுன் நிற்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அடுத்து ஸ்டியரிங், அதன்பின் எஞ்சின். சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்து எண்ணெயைக் குடித்தது. புது எஞ்சினுக்கு வழியில்லை, தேவையும் இல்லை. லேத் பட்டறையில் கொடுத்து அச்சுவரைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தினார். வால்வுகளைத் தாமே அரைத்துப் பொருத்தினார். தடித்த காகிதத்தை எண்ணெயில் தோய்த்துச் சிறு மூடிகளுக்குக் கேஸ்கட் வெட்டினார். துருப்பிடித்த தகட்டை அறுத்தெடுத்துப் புதுத்தகடு ஒட்டவைக்கும் டிங்கர் வேலை அதன்பின். வண்ணம் பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். இரண்டு ஆண்டுகள் கழித்து அவ்வண்டி காவிரிப் பாலத்தைக் கடந்து மலைக்கோட்டை வரை சென்று திரும்பியது. பின்னிருக்கையில் நானும் இருந்தேன். பாடநூலில் படித்த நான்கு அடி எஞ்சினின் இயக்கம் எனக்கு உண்மையில் விளங்கியது அவருடைய முற்றத்தில்தான்.

பஞ்சம் கற்பித்த பாடத்தின் கடுமையான பகுதியைப் பிற்காலத்தில் யாழ்ப்பாணத் தமிழர் படித்தனர். 1990-ல் போர் மீண்டும் மூண்டபின் பெட்ரோலும் உதிரிப் பாகங்களும் அங்கே செல்வது தடைப்பட்டது. அங்கிருந்த ஆஸ்டின், மோரிஸ் முதலிய பழைய கார்கள் அப்போது மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றின் எஞ்சின்களில் அமுக்க விகிதம் ஏறக்குறைய 7 தான். இன்றைய கார்களில் அது 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அமுக்கம் குறைந்திருந்ததனால் அவை தாழ்ந்த எரிபொருளையும் ஏற்றன. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெட்ரோலை ஊற்றிக் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புகை கண்ணைக் கரித்தது; எஞ்சினும் விரைவில் கெட்டது. ஆயினும் நோயாளி மருத்துவமனை சேர்ந்தார். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களும் அவர்களே. இதனைப் புதுமை என்று நாம் வியக்கலாம்; அவர்கள் விரும்பி ஏற்ற நிலை அன்று என்பதை மறக்கலாகாது. வறுமையைப் போற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வறுமையிலும் தோற்காத அறிவைப் போற்றவே சொல்கிறேன்.

இன்று காலம் மாறிவிட்டது. 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. பழைய வண்டியை விருப்பம்போல் மாற்றவும் சட்டம் இடம் தருவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் தனி விதிகள் வந்தன. இவை தேவையான வேலிகளே. ஒருவனுடைய வண்டியின் பிரேக் மற்றவனுடைய உயிரையும் காக்க வேண்டியதன்றோ?

ஆனால் சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பழுதானதைத் திறந்து பார்க்கும் வழக்கமே நம்மிடம் குறைந்து வருகிறது. கெட்டதா, எறி, புதியதை வாங்கு என்பதே பழக்கமாகிவிட்டது. எறிவதற்குக் காசு போதும். திறந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். உங்களில் எல்லாரும் பழைய கார் வாங்க இயலாது, வாங்கவும் வேண்டாம். வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருக்கும். விடுமுறையில் அதன் சக்கரத்தைக் கழற்றி, குண்டுகளைத் துடைத்து, கிரீஸ் இட்டு, மீண்டும் பூட்டிப் பாருங்கள். கழற்றுமுன் நோட்டில் படம் வரைய மறவாதீர்கள். பூட்டி முடித்தபின் கையில் ஒரு திருகாணி மிஞ்சினால் அஞ்ச வேண்டாம். அது எங்கே இருந்தது என்று தேடுங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.