ஏட்டில் ஏறாத அடி

கனடா தேசத்தில், ஒட்டாவா நகரத்தில், ரோவன் ஸ்ட்ரிங்கர் என்று ஒரு பெண் இருந்தாள். வயது 17. பள்ளிக்கூடத்து ரக்பிக் குழுவுக்குத் தலைவி. 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆறே நாட்களில் ஆட்டத்தின்போது மூன்று முறை அவளுக்குத் தலையில் அடிபட்டது. மூன்றாம் முறை நினைவிழந்தவள் மீளவேயில்லை. 12-ஆம் தேதி இறந்துபோனாள். முதல் இரண்டு அடிகளில் கலங்கிய மூளை தெளிவதற்குள் மூன்றாவது விழுந்துவிட்டது. அந்த இரண்டையும் யாராவது குறித்து வைத்திருந்தால்?

மூளை அதிர்ச்சி விசித்திரமான வியாதி. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும். இதிலோ படம் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, இவைதான் சாட்சி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாரசீக வைத்தியர் அல்-ராஸி, மூளைக்கு நேரும் பெருங்காயம் வேறு, இந்தக் கலக்கம் வேறு என்று பிரித்துச் சொன்னார். பிரித்தாயிற்று, எண்ணுவது எப்படி?

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைத்தான் நெடுங்காலம் பெரும்பாலும் எண்ணினார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் வேறு இடத்தில் தேடினார்கள். 2010 முதல் 2014 வரை தங்கள் கிளைகளின் கணிப்பொறிப் பதிவுகளில் அகப்பட்ட 8,083 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 82 பேர் முதலில் போனது வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரிடம்! அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் சுமார் 12 பேர்தான். இத்தனை காலம் எண்ணியது வாலை. யானை வேறிடத்தில் நின்றிருக்கிறது.

ஊர் வைத்தியரின் குறிப்பேடு இப்படி உண்மை சொல்வது புதிதல்ல. இங்கிலாந்தில், யார்க்ஷையர் பள்ளத்தாக்கு ஒன்றில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற டாக்டர் இருந்தார். 1929-இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. காலையில் நோயாய்ப் படுத்திருந்த ஒரு பணிப்பெண் பிற்பகலில் எழுந்து ஊர்த் திருவிழாவுக்குப் போனதையும், அங்கிருந்து நோய் வீடு வீடாகப் போனதையும் அவர் கண்டுபிடித்தார். எல்லாரையும் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1939-இல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

இன்று அந்த ஏடு கணிப்பொறிக்குள் போய்விட்டது. சர்வதேச நோய்ப் பட்டியலின் பழைய ஒன்பதாம் பதிப்பில் மூளை அதிர்ச்சிக்கு எண் 850 என்று இருந்தது. நோய்க்குரிய எண்ணைத் தட்டினால் பதிவுகள் வந்து நிற்கும். ஆனால் அவசரத்தில் டாக்டர் வெறும் ‘தலைவலி’ என்று எழுதியிருந்தால், அந்த நோயாளி கணக்கில் வரமாட்டார்.

ரோவனுக்குத் தன்மேல் சந்தேகம் இருந்தது. இணையத்தில் அறிகுறிகளைத் தேடினாள்; சிநேகிதர்களுக்குச் செய்தி அனுப்பினாள். பெரியவர்கள் காதுக்கு அது எட்டவில்லை. 2018-இல் ஒண்டாரியோ மாகாணம் அவள் பெயராலேயே ஒரு சட்டம் செய்தது. சந்தேகம் எழுந்தாலே ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும் என்கிறது அது.

நல்ல சட்டம்தான். ஆயினும், டாக்டர் எழுதாததைக் கணிப்பொறி படிக்காது; பிள்ளை சொல்லாததை டாக்டர் எழுத முடியாது. ஆகவே, விளையாடிவிட்டு வரும் குழந்தை தலை வலிக்கிறது என்றால், தைலத்தைத் தேடுவதற்கு முன்னால், “எங்கேயாவது விழுந்தாயா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.