களப்பின் வாயிலும் தேர்தற் கணக்கும்



புத்தளம் களப்பு கடலோடு கலக்கும் பக்கத்தில் கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கின்றது. ஒல்லாந்தர் அதனை 1667 ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1676 ஆம் ஆண்டில் முடித்தனர். கண்டி நாட்டுக்கு உப்பும் துணியும் சென்ற வழிகளுள் ஒன்று இக்களப்பு. மலைநாட்டுப் பாக்கு வெளியே வந்த வழியும் இதுவே. ஆதலின் களப்பின் வாயிலைக் காத்தவன் மலைநாட்டு அடுக்களை வரையிற் கை நீட்ட வல்லவனானான். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. புத்தளம், சிலாபம் ஆகிய இடங்களில் விளைந்த உப்பைத் தன் குடிகள் எடுத்துச் செல்லும் உரிமையைக் கண்டியரசன் அவ்வுடன்படிக்கையில் எழுதிப் பெறவேண்டியவனானான்.

ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் வாயிலைக் காப்பதோடு அமையவில்லை. உள்ளே இருக்கும் அரசன் யார் என்பதையும் தீர்மானிக்க முற்பட்டனர். 1803 ஆம் ஆண்டில் கண்டிக்குட் படையுடன் புகுந்து, முத்துசாமி என்னும் அரசகுடும்பத்தவரை அரியணையில் அமர்த்தினர். அதற்கு விலையாக, புத்தளத்துக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் ஏழு கோறளையை எழுதிப் பெற்றனர். சில மாதங்களுள் அவ்வரசு கவிழ்ந்தது, முத்துசாமி கொல்லப்பட்டார். பிறர் தயவால் முடிசூடுவோன் நாட்டின் ஒரு பகுதியை முன்னரே ஈடு வைத்துவிடுகின்றான் என்பது அச்சிறு வரலாறு தரும் பாடம்.

1931 ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி வாக்குரிமை பெற்றனர். அன்று முதல் முடிசூட்டும் உரிமை மக்களுடையதாயிற்று. ஆயினும் அந்நியர் ஆசை அற்றுப்போகவில்லை, வழிதான் மாறிற்று. இனிப் படை வேண்டியதில்லை, பணம் போதும். 1948 ஆம் ஆண்டு இத்தாலியத் தேர்தலிற் கிறித்துவ சனநாயகக் கட்சி வெல்லும்பொருட்டு அமெரிக்க உளவுத்துறை மறைவாகப் பணம் வழங்கிற்று. அது வெளியுலகுக்குத் தெரியவந்தது பல்லாண்டுகளுக்குப் பின்னரே.

நம் நாட்டிலும் அந்நியர் செல்வாக்குத் தேர்தற்காலத்தை ஒட்டி உலாவியதுண்டு. ஆனால் அதில் இரு வகை உண்டென்பதை முதலில் உணர்தல் வேண்டும். ஒன்று, வெளிப்படையாக நிகழ்வது. 1962 ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகளைக் கையேற்றது. நட்டஈட்டுப் பிணக்கின் காரணமாக 1963 பெப்ருவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. 1965 மார்ச்சிற் பொதுத்தேர்தல் வந்தது; டட்லி சேனநாயக்கா பிரதமரானார். அவ்வாண்டிலேயே நட்டஈட்டு உடன்பாடு ஏற்பட்டது, உதவியும் மீண்டது. மக்கள் எதனை மனத்திற்கொண்டு வாக்களித்தனர் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. எனினும் அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதை எல்லோரும் பத்திரிகையிற் படித்தறிந்தனர்.

வெளிப்படையான அந்நியச் செல்வாக்கின் அடையாளங்கள் புத்தளக் கரையிலேயே இரண்டுள. சிலாபத்துக்கு அருகே இரணவிலவில் அமெரிக்க வானொலியின் அஞ்சல் நிலையம் இருந்தது. சுற்றுப்புற மக்கள் அதனை எதிர்த்து நின்றனர். இறுதியில் 2016 ஆம் ஆண்டில் அந்நிலையம் மூடப்பட்டது. மற்றையது நுரைச்சோலை அனல்மின் நிலையம். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு அதனால் ஊறு நேருமென அஞ்சிய கத்தோலிக்க மக்களின் எதிர்ப்பால் அத்திட்டம் பல்லாண்டு தடைப்பட்டது. பின்னர்ச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனைக்கொண்டு சீன நிறுவனமொன்று அதனைக் கட்டிற்று. முதற்பகுதி 2011 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. 2014 ஆம் ஆண்டில் மொத்தம் 900 மெகாவாற்றாக நிறைவெய்தியது. இவற்றை விரும்புவோர் உளர், வெறுப்போரும் உளர். ஆனால் நிலையம் கண்முன்னே நிற்கின்றது. கடனும் ஏட்டில் இருக்கின்றது. தேர்தல் மேடையில் இவற்றை வைத்து வாதிட்டு வாக்குக் கேட்கலாம்.

மற்றை வகை கண்ணுக்குத் தோன்றாதது. அது வேட்பாளரின் பெட்டிக்குள் இரவோடிரவாகச் சேரும் பணம். 2015 சனவரி 8 ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலைப் பற்றி, 2018 சூனில் நியூ யோர்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டிய சைனா ஹார்பர் கம்பனியின் வங்கிக் கணக்கிலிருந்து குறைந்தது 76 இலட்சம் டொலர், மகிந்த ராசபக்சவின் தேர்தற்பணியோடு தொடர்புடையோருக்குச் சென்றதென்றும், அதிற் சட்டை அச்சிடவும் சேலை வாங்கவும் செலவான தொகைகள் உண்டென்றும், அரசாங்க விசாரணை ஆவணமொன்றை ஆதாரங்காட்டி அச்செய்தி கூறிற்று. ராசபக்ச இதனை மறுத்தார்; சீனத் தரப்பும் மறுத்தது. மறுபக்கத்தில், அதே தேர்தலில் எதிரணியை ஒன்று சேர்க்க இந்திய உளவு அதிகாரி ஒருவர் துணைபுரிந்தாரென்னும் குற்றச்சாட்டை ராய்ட்டர் செய்தி நிறுவனம் 2015 சனவரியில் வெளியிட்டது. இந்திய அரசாங்கம் அதனை மறுத்தது. தேர்தலிலோ ராசபக்ச தோற்றார். மைத்திரிபால சிறிசேன வென்றார்.

இவற்றுள் எது மெய்? எந்தக் குற்றச்சாட்டும் நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. ஆதலின் யாரையும் குற்றவாளி என்றல் முறையன்று. ஆனால் நாம் கேட்கவேண்டிய வினா வேறொன்று. ஐயத்தைத் தீர்க்கும் ஏடு ஏன் நம்மிடம் இல்லை?

அதற்கு விடை நம் சட்ட வரலாற்றிலேயே கிடக்கின்றது. 1946 ஆம் ஆண்டின் தேர்தற் கட்டளை, அக்காலத்தார் அபேட்சகர் என்றழைத்த வேட்பாளரின் செலவுக்கு எல்லை வகுத்தது. கணக்குக் காட்டவும் பணித்தது. 1981 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டங்களில் அவ்வெல்லை இடம்பெறவில்லை. அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாக எவ்வளவு வந்தது, எங்கிருந்து வந்தது என்று வேட்பாளர் சொல்லவேண்டிய கடப்பாடு இருக்கவில்லை. 2015 ஆம் ஆண்டுத் தேர்தல் அவ்விடைக்காலத்தில் நடந்தது. கணக்கில்லாத இடத்திற் குற்றமும் மெய்ப்படாது, குற்றமின்மையும் மெய்ப்படாது. பணம் பெற்றவன் தப்புகின்றான். பெறாதவனோ பழி சுமக்கின்றான்.

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தற்செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம் அக்குறையைத் தீர்க்க எழுந்தது. அந்நிய அரசாங்கம், சருவதேச நிறுவனம், அந்நிய நாட்டிற் பதிவான கம்பனி ஆகியவற்றிடமிருந்தும், இன்னாரென்று அறியப்படாதவரிடமிருந்தும் நன்கொடை பெறலாகாதென அது விதித்தது. தேர்தல் முடிவு வெளியாகி 21 நாள்களுட் கணக்கு ஒப்படைத்தல் வேண்டும். 2024 செத்தெம்பர் 21 ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலுக்கு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என எல்லை குறிக்கப்பட்டது. அதன்படி ஒரு வேட்பாளருக்கு ஏறத்தாழ 186 கோடி ரூபா வரை செலவிட இடமிருந்தது.

சட்டம் வந்ததென்று உறங்கிவிடலாமோ? அயல்நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் 1976 ஆம் ஆண்டு முதலே அந்நிய நன்கொடையைத் தடுக்கும் சட்டம் உண்டு. 2014 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம், காங்கிரசும் பாரதிய சனதாக் கட்சியும் அச்சட்டத்தை மீறி நன்கொடை பெற்றனவென்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் அச்சட்டமே 1976 வரை பின்னோக்கித் திருத்தப்பட்டது. எதிரெதிர் நின்ற இரு கட்சிகளும் அத்திருத்தத்தால் ஒருங்கே காப்படைந்தன. வேலியைக் காக்கவேண்டியவர்களே வேலியைத் தள்ளி நட்ட கதை இது.

நேயர்களே, கற்பிட்டிக் கோட்டை களப்பின் வாயிலிற் கட்டப்பட்டது, உள்ளே செல்லும் தோணியில் என்ன இருக்கின்றதென்று பார்ப்பதற்கே. அன்று பார்த்தவன் அந்நியன். பார்த்ததும் தன் ஆதாயத்துக்கே. இன்று பார்க்கவேண்டியவர் வாக்காளர். உங்கள் ஊருக்குச் சுவரொட்டியும் சேலையும் வந்து இறங்கும்போது, இதன் செலவு எவர் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றது என்று கேளுங்கள். பின்னர் ஒப்படைக்கப்பட்ட கணக்கில் அது உண்டா என்றும் பாருங்கள். கேட்பாரற்ற ஏடு செல்லுக்கு இரையாகும். கேட்பாருள்ள ஏடே நாட்டுக்குக் காவலாகும்.