விளவங்கோட்டை எங்கே தேடுவது?

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

விளவங்கோடு வட்டத்தின் மக்கள்தொகை விவரங்களை 1901 முதல் 1971 வரை வரிசையாகப் பார்க்க விரும்பும் ஒருவர் எந்த நூல்களைத் தேட வேண்டும்? 1901 முதல் 1941 வரை திருவிதாங்கூர் அரசின் கணக்கெடுப்பு அறிக்கைகள். 1951-க்குத் திருவிதாங்கூர்-கொச்சி மாநில அறிக்கை. அதில் விளவங்கோடு திருவனந்தபுரம் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று. 1961-க்குச் சென்னை மாநிலத் தொகுதிகள். 1971-க்குத் தமிழ்நாட்டுத் தொகுதிகள். நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் கணக்கு வைக்கப்பட்ட அலமாரி மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது.

கரமனையில் வசிப்பவருக்கு இது தொலைவான செய்தி அன்று. கரமனையாற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் பழைய 47-ஆம் எண் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகச் சென்று களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டி நாகர்கோவிலை அடைகிறது. 1956 அக்டோபர் 31 வரை அந்த வழி முழுவதும் ஒரே மாவட்டம். மறுநாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஆகவே, திருவனந்தபுரம் மாவட்டத்தின் 1951-ஆம் ஆண்டு எண்ணையும் 1961-ஆம் ஆண்டு எண்ணையும் அப்படியே அருகருகே வைப்பவர், ஒரே பெயர் தாங்கிய இரு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகிறார்.

எண்ணிப் பார்ப்பதில் திருவிதாங்கூர் பின்தங்கியிருக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் கணக்கெடுக்கப்பட்டது 1881-இல். அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 1875-இல், திருவிதாங்கூர் தன் குடிமக்களை முறையாக எண்ணி 23,11,379 பேர் என்று பதிவு செய்தது. அப்பணியில் ஈடுபட்ட நாகமையாதான் பின்னர் 1906-இல் மூன்று தொகுதிகளாகத் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலை வெளியிட்டார். எண்ணும் மரபு இருந்தது. அச்சிடும் மரபும் இருந்தது. எண்ணப்பட்ட இடத்தை அடுத்த நூற்றாண்டுக்காரர் அடையாளம் கண்டுகொள்வதற்கான வழிதான் இல்லை.

அந்த எண்களின் கனம் 1950-களில் தெரிந்தது. 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வைத்த வாதத்தின் முதுகெலும்பே வட்டவாரியான தமிழ் பேசுவோர் கணக்குதான். தெற்கே நான்கு வட்டங்களில் அந்தக் கணக்கு வென்றது. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் பெருந்தொகையாக இருந்தும் அது வெல்லவில்லை. தோட்டத் தொழிலாளருள் பலர் நிலையாகத் தங்குவோர் அல்லர் என்ற வாதம் எதிரே நின்றது. அந்த முடிவு சரியா தவறா என்பதில் எனக்கும் கருத்து உண்டு. இங்கு அது வேண்டாம். இன்று ஒரு மாணவி அதே அட்டவணைகளை எடுத்து, பின்வந்த பத்தாண்டுகளின் எண்களோடு வைத்துத் தானே சோதித்துப் பார்க்க முடியுமா என்பதே என் கேள்வி. முடியும், பல மாத உழைப்புக்குப் பின். வட்டங்களைக் கையால் பொருத்த வேண்டும்.

கணக்கெடுப்புத் துறை இதை அறியாததன்று. அதன் ‘ஏ-2’ அட்டவணை, இன்றைய எல்லைக்கு ஏற்பத் திருத்திய மாவட்ட மக்கள்தொகையை 1901 முதல் தருகிறது. நல்ல பணி. ஆனால் அது தலைக்கணக்கோடு நின்றுவிடுகிறது. தாய்மொழிக்கு அது உதவாது.

மொழியியல் படித்தவளாக என்னை உறுத்துவது பெயர். தமிழில் தோவாளை, மலையாளத்தில் தோவாள. இறுதி ஐகாரம் ரோமன் எழுத்தில் வருமா என்பது எந்த மாநிலத்து அலுவலகம் எழுதியது என்பதைப் பொறுத்தது. மனிதக் கண்ணுக்கு ஓர் ஊர், கணினிக்கு இரண்டு. நிலம் வாங்கியவர் எவரும் இச்சிக்கலை அறிவார். மறு அளவைக்குப் பின் பத்திரத்தில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் இரண்டையும் எழுதுகிறோம் அல்லவா? அந்த ஒரு வரி இல்லையென்றால் தாத்தாவின் நிலம் பேரனின் நிலம் என்று காட்ட முடியாது.

இணைப்புத் தரவு என்று டிம் பெர்னர்ஸ்-லீ 2006-இல் எழுதி வைத்ததன் சாரம் இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் இணைய முகவரி. அங்கே சென்றால் அதைப் பற்றிய கூற்றுகள். அக்கூற்றுகளிலிருந்து பிற பொருள்களின் முகவரிகளுக்கு இணைப்பு. கூற்று ஒவ்வொன்றும் எழுவாய், உறவு, செயப்படுபொருள் என மூவுறுப்புடையது. (வினையை நடுவில் வைத்தது ஆங்கில வழக்கம், தமிழர் வகுத்திருந்தால் உறவு கடைசியில் வந்திருக்கும்.)

இதில் கவனம் தேவைப்படுவது நடுவிலுள்ள உறவுக்கே. விளவங்கோடு 1956-இல் மாநிலம் மாறியது. செங்கோட்டை வட்டமோ உடைந்தது: ஒரு பகுதி திருநெல்வேலிக்குச் சென்றது, ஒரு பகுதி கேரளத்திலேயே தங்கியது. டிரிவாண்ட்ரம் 1991-இல் அலுவல் முறையில் திருவனந்தபுரம் ஆனபோது மாறியது எழுத்து மட்டுமே. மூன்றையும் ‘இதுவே அது’ என்று ஒரே சொல்லால் இணைத்தால், இணைக்காமல் விடுவதைவிடக் கேடு. பெயர் மாறியது, மாநிலம் மாறியது, பிரிந்தது என உறவுகளுக்குத் தனித்தனிச் சொல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நாள் வேண்டும். பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் ஓர் எளிய நெறியைக் கடைப்பிடிக்கிறது: எல்லை மாறினால் புதுக் குறியீடு, பெயர் மட்டும் மாறினால் பழைய குறியீடே.

நம் நாட்டில் 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. அதே ஆண்டில் அரசின் திறந்த தரவுத் தளமும் வந்தது. 2017-இல் உரிமமும் வந்தது. கோப்புகள் கிடைக்கின்றன, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலானவை தனித்தனி அட்டவணைகள். ஒன்றின் ‘திருவனந்தபுரம்’ மற்றொன்றின் ‘திருவனந்தபுரம்’தானா என்று அவை சொல்வதில்லை. குறியீடும் துணை நிற்பதில்லை: 2001 கணக்கெடுப்பில் கேரளத்துக்குள் 14 என்றிருந்த இம்மாவட்டம், 2011-இல் நாடு முழுவதற்குமான வரிசையில் 601 ஆயிற்று. ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சிக் குறியீட்டு அடைவு தன் எண்ணோடு கணக்கெடுப்பு எண்களையும் அருகில் தருகிறது. நம்மிடம் இருப்பவற்றுள் சர்வே எண் ஒப்பீட்டுக்கு மிக அருகில் வருவது அதுவே. திருவிதாங்கூர் வட்டங்கள் அதற்குள் வரவில்லை.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்காக நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31-ஓடு உறைநிலையில் வைக்கப்பட்டன. 2011-க்கும் இதற்கும் இடைப்பட்ட காலத்தில் புதிய வட்டங்கள் பல தோன்றின. விளவங்கோடு, கல்குளம் இருந்த இடத்தில் இன்று கிள்ளியூரும் திருவட்டாறும் கூட உள்ளன. உறைந்த எல்லைகளின் பட்டியலோடு, எந்த வட்டம் எதிலிருந்து எந்த நாளில் பிரிந்தது என்பதையும் நிலையான முகவரிகளோடு வெளியிடுவது இப்போது எளிது. ஐம்பது ஆண்டு கழித்து அதைச் செய்பவர், இன்று நாம் 1951-ஐத் தேடுவதுபோல் தேடுவார்.

நான்கு தென் வட்டங்களுக்கும் செங்கோட்டைக்குமான ஒப்பீட்டு அட்டவணையை 1901-இலிருந்து தொடங்கியிருக்கிறேன். முடிந்ததும் எவரும் பயன்படுத்தும் வகையில் திறந்த உரிமத்தில் வெளியிடுவேன். செங்கோட்டையில் கோடு எந்தெந்தப் பகுதிகளுக்கிடையே சென்றது என்பதைக் காட்டும் பழைய வட்ட வரைபடமோ கிராமப் பட்டியலோ உங்கள் வீட்டிலோ அருகிலுள்ள நூலகத்திலோ இருந்தால், தயைகூர்ந்து பின்னூட்டத்தில் தெரிவியுங்கள்.